சுவரின் எழுத்தும் நூலின் எழுத்தும்

இரண்டாம் உலகப் போர் முடிவுற்று ஓராண்டுகூட நிறைவடையாத 1946ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், சுவிட்சர்லாந்தின் அச்சுத் தொழில் சஞ்சிகை ஒன்றில் விவாதமொன்று மூண்டது. ஐரோப்பிய நகரங்கள் பல இடிபாடுகளாகக் கிடந்த வேளை அது. விவாதத்தின் பொருளோ, ஒரு நூற்பக்கத்தின் தலைப்பை நடுவில் வைப்பதா, இடப்புறம் ஒதுக்கி வைப்பதா என்பது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது நகைப்புக்குரியதாகவே தோன்றும். எனினும் விவாதித்த இருவரில் ஒருவர், தாமே இளமையில் விதிகளாக வகுத்துப் பரப்பிய ஒரு கலை இயக்கத்தின் உள்ளியல்பில், ஹிட்லரின் ஆட்சியைச் சாத்தியமாக்கிய அதே மனப்பாங்கு உறைந்திருந்தது என்று எழுதினார். அவர் பெயர் யான் சிகோல்ட். எதிர்த்தரப்பில் நின்றவர் ஓவியரும் கட்டடக் கலைஞருமான மாக்ஸ் பில். நவீன வரைகலையின் வரலாற்றில் சுவரொட்டிகளையும் எழுத்துருக்களையும் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இவ்விவாதத்தை ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து செல்கின்றன. நமக்கோ, அவ்வரலாற்றின் மையமான வினா இங்குதான் எழுப்பப்பட்டது என்று தோன்றுகின்றது. ஒரு வடிவம் தன்னளவில் குற்றமுடையதாக இருக்க முடியுமா என்பதே அவ்வினா.

சிகோல்ட் 1902இல் லைப்சிக் நகரில் பிறந்தவர். ஜெர்மானியப் புத்தகத் தொழிலின் தலைநகரம் என்று அந்நாளில் மதிக்கப்பட்ட ஊர் அது. தந்தை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். எனவே எழுத்தின் வளைவும் நெளிவும் மகனுக்கு வீட்டிலேயே அறிமுகமாயின. அந்நகரின் நூற்கலைக் கல்விக்கழகத்தில் அவர் பயின்றது, பட்டைப் பேனாவால் எழுதும் பழைய எழுத்தணிக்கலை. இருபது வயதை எட்டுமுன்னரே மாலை வகுப்புகளில் அக்கலையைப் பிறருக்குக் கற்பிக்கும் தேர்ச்சியை அவர் பெற்றிருந்தார். பிற்காலத்தில் அவர் மரபுக்குத் திரும்பியபோது ‘அச்சத்தால் பின்வாங்கினார்’ என்று ஏளனம் செய்தோர் இதனை மறந்துவிட்டனர். அவர் திரும்பிச் சென்றது தாம் அறியாத ஓர் இடத்துக்கன்று.

1923ஆம் ஆண்டு வைமர் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி நடத்திய கண்காட்சி அவரைப் புரட்டிப் போட்டது. மோஹோலி-நாகி, ரஷ்யாவின் எல் லிசிட்ஸ்கி ஆகியோரின் ஆக்கங்களில் அவர் கண்டது அலங்காரம் நீங்கிய ஒரு புதிய ஒழுங்கு. ரஷ்யப் புரட்சியின்பால் கொண்ட ஈர்ப்பால் சில காலம் தம் பெயரையே ‘இவான்’ என்று மாற்றி எழுதினார். 1925 அக்டோபரில், ஜெர்மானிய அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் கல்வி அமைப்பு வெளியிட்டுவந்த இதழொன்றின் சிறப்பு மலரை அவர் தொகுத்தார். இங்கு ஒரு செய்தி கவனத்திற்குரியது. அம்மலர் ஓவியர்களுக்காகவோ கலை ரசிகர்களுக்காகவோ வெளிவந்ததன்று. ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் தொழிலாளரின் கைகளுக்கே அது சென்று சேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1928இல் பெர்லினில், அதே அமைப்பின் வெளியீடாகவே ‘புதிய எழுத்தமைப்பு’ என்னும் அவரது நூல் வந்தது. அந்நூல் ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைத்தது 1995இல்தான். ஏறத்தாழ எழுபதாண்டுகள் ஆங்கில உலகம் இந்நூலைப் படிக்காமலேயே போற்றியும் தூற்றியும் வந்தது என்பது ஒரு வேடிக்கை.

அந்நூல் வகுத்த விதிகள் சில: தலைப்பை நடுவில் நிறுத்தும் சமச்சீர் அமைப்பு இறந்துபோன காலத்தின் முறை, பொருளின் முக்கியத்துவத்தைப் பின்பற்றிச் செல்லும் சமச்சீரற்ற அமைப்பே இக்காலத்திற்குரியது. எழுத்தின் முனைகளில் காணப்படும் சிறு குறுக்குக் கோடுகளான ‘செரிஃப்’களை நீக்கிய எழுத்தே நம் காலத்தின் எழுத்து. வரைந்த ஓவியத்தின் இடத்தை ஒளிப்படம் பெற வேண்டும். தாளின் அளவுகள் 1922இல் ஜெர்மனி வகுத்த நியமத்தின்படி, அதாவது இன்று உலகம் முழுவதும் ‘ஏ4’ என்று அறியப்படும் அந்த வரிசையின்படி அமைய வேண்டும். இவற்றுள் கடைசி விதி எவ்வளவு நியாயமானது என்பதை இன்று அலுவலகம் செல்லும் எவரும் அறிவர். ஆனால் விதிகளைக் காட்டிலும் நூலின் தொனியே நம்மை நிறுத்துகின்றது. ‘இது நல்லது’ என்று அந்நூல் கூறுவதில்லை. ‘இதுவன்றி வேறில்லை’ என்கின்றது. இருபத்தாறு வயது இளைஞனின் குரல் அது. அக்குரலின் வேகத்தை நாம் மன்னிக்கலாம். ஆனால் அதன் உறுதிப்பாட்டை அவரே பின்னாளில் மன்னிக்கவில்லை.

விதிகளை விட்டுவிட்டு அவரது சுவரொட்டிகளைப் பார்த்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார். 1926இல் மூனிக் நகருக்குக் குடிபெயர்ந்து, ‘ஃபியூச்சுரா’ எழுத்துருவை உருவாக்கிய பவுல் ரென்னரின் தலைமையில் அச்சுத் தொழிற்பள்ளியில் ஆசிரியராக இருந்த சிகோல்ட், 1927இல் ‘ஃபீபஸ் பாலஸ்ட்’ என்னும் திரையரங்கிற்காகச் சுவரொட்டிகள் பல ஆக்கினார். ‘பெயரற்ற பெண்’ என்ற படத்திற்கான ஒட்டியில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் சாய்கோடுகள்; அவற்றினூடே ஒளிப்படத் துண்டுகள்; கோடுகளின் சாய்வையே பின்பற்றும் எழுத்துகள். இருப்புப் பாதையில் நம்மை நோக்கி ஒரு வண்டி விரைந்து வருவதைப் போன்ற உணர்வு. நடந்து செல்பவனை நிறுத்துவதே சுவரொட்டியின் முதற்கடமை எனில், அக்கடமையை இது சில நொடிகளில் முடித்துவிடுகின்றது. லிசிட்ஸ்கியின் 1919ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் வெண்வட்டத்தைப் பிளக்கும் செந்நிற ஆப்பும், ரோட்செங்கோவின் ஒளிப்பட ஒட்டிகளும் காட்டிய வழி இது என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கிருந்த முழக்கம் இங்கில்லை. சிகோல்டின் கை கூச்சலிடுவதில் இன்பம் காணாத கை.

இதற்குச் சான்றாகப் பத்தாண்டுகள் கழித்து, 1937இல் பாசல் நகரக் கலைக்கூடத்தின் ‘கட்டமைப்புவாதிகள்’ கண்காட்சிக்கு அவர் ஆக்கிய ஒட்டியைக் கூறலாம். ஒரு வட்டம். ஒரு மெல்லிய கோடு. சிறிய எழுத்தில் கண்காட்சியின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும். மற்றவெல்லாம் வெறுந்தாள். நவீன வரைகலை நமக்களித்த சுவரொட்டிகளுள் இதனை முதல் வரிசையில் வைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. பெரிய தாளொன்றில் இவ்வளவு சிறிய எழுத்தை இடுவதற்குத் தனியொரு துணிவு வேண்டும். பார்ப்பவனை எட்டிப் பிடித்து இழுக்காமல், அவன் தானாக அருகில் வரக் காத்திருக்கும் ஒட்டி அது. விதிகளின்படி நோக்கினால் இது புதிய எழுத்தமைப்பின் தூய எடுத்துக்காட்டுதான். ஆனால் அதன் அடக்கம் எந்த விதியிலிருந்தும் வந்ததன்று.

இவ்விரு சுவரொட்டிகளுக்குமிடையே 1933ஆம் ஆண்டு இருக்கின்றது. ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களில், மார்ச் மாதத்தில், சிகோல்டும் அவர் மனைவி எடித்தும் கைது செய்யப்பட்டனர். அவரது கலை ‘பண்பாட்டு போல்ஷெவிசம்’ என்று முத்திரை குத்தப்பட்டது. ஆசிரியப் பணி பறிபோயிற்று. ரென்னரும் அதே ஆண்டில் கைதாகிப் பதவி இழந்தார். சில வாரச் சிறைவாசத்திற்குப் பின் விடுவிக்கப்பட்ட சிகோல்ட், அவ்வாண்டின் கோடையில் மனைவியுடனும் சிறு மகனுடனும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தஞ்சம் புகுந்தார். அங்கு ஒரு பதிப்பகத்தில் பகுதிநேர வேலை, கற்பிக்கச் சில மணிநேரம், மற்றபடி வறுமை. 1935இல் அவர் அங்கிருந்து வெளியிட்ட இரண்டாவது முக்கிய நூலில் தொனி மாறிவிட்டதை நாம் காண்கிறோம். சமச்சீரின்மையை அவர் அப்போதும் கைவிடவில்லை. ஆயினும் செரிஃபுள்ள பழைய எழுத்துகளுக்கும் அப்பக்கங்களில் இடம் கிடைத்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் அவர் வடிவமைத்த இலக்கிய நூல்களில் தலைப்புகள் மெல்ல மெல்ல நடுவுக்குத் திரும்பின.

1945 டிசம்பரில் சூரிக் நகரில் சுவிஸ் வரைகலைஞர்களிடையே ஆற்றிய உரையில் சிகோல்ட் இம்மாற்றத்தை வெளிப்படையாக அறிவித்தார். புதிய எழுத்தமைப்பு தொழிற்சாலைப் பொருள்களின் விளம்பரத்திற்குப் பொருந்தும். ஏனெனில் இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஆனால் நூல்களுக்கு, குறிப்பாக இலக்கியத்திற்கு, அது பெரும்பாலும் பொருந்தாது. இதுவே அவர் நிலைப்பாடு. மாக்ஸ் பில் இதனைப் பொறுக்கவில்லை. 1927-28இல் பௌஹவுஸில் பயின்ற அவர், அந்நெறியைச் சுவிட்சர்லாந்தில் பேணி வளர்த்த தலைமுறையின் முன்னணியில் நின்றவர். சிகோல்டின் பெயரைச் சொல்லாமலேயே அவர் தாக்கினார். தம் காலத்தின் தொழில்நுட்பத்திற்குரிய வடிவத்தைத் துறந்து பழைய வடிவங்களுக்குத் திரும்புவது பிற்போக்கு. கட்டடக் கலையில் மண்வாசனை பேசித் திரிந்தோரின் போக்கும் இதுவும் ஒன்றே என்றார். அந்த ‘மண்வாசனை’ ஜெர்மனியில் எதற்குப் பயன்பட்டது என்பதை வாசகர் அனைவரும் அறிந்திருந்த ஆண்டு அது. ஆகவே அவ்வசை சாதாரணமானதன்று. நாஜிகளால் நாடிழந்த ஒருவரிடமே நாஜிகளின் சாயலைக் காண்பதற்கு ஒப்பானது.

சிகோல்டின் மறுமொழி ஜூன் மாதத்தில், ‘நம்பிக்கையும் நிதர்சனமும்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. அவர் குற்றச்சாட்டைத் திருப்பியே வீசினார். புதிய எழுத்தமைப்பின் சகிப்பின்மை, முற்றான தீர்வுகளை நாடும் ஜெர்மானியச் சார்பின் வெளிப்பாடு. படைவீரனைப் போன்ற அதன் ஒழுங்கு வேட்கையும், தான் மட்டுமே ஆளவேண்டும் என்னும் அதன் உரிமை கோரலும் ஜெர்மனியைப் பேரழிவுக்கு இட்டுச் சென்ற அதே கூறின் பகுதி என்றார். மூன்றாம் ரைக் இடைக்காலத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டே, போர் ஆயத்தத்தில் தொழில்நுட்ப முன்னேற்றத்தை யாருக்கும் சளைக்காமல் விரைவுபடுத்தியது என்றும், அதனை எதிர்த்த நவீனர்களும் தம்மை அறியாமலேயே அதே ஒழுங்கு மயக்கத்திற்கு அருகில் நின்றனர் என்றும் எழுதினார். இவற்றுள் தம்மையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பதே இம்மறுமொழியின் கனம். அதே கட்டுரையில், அதிகம் கவனிக்கப்படாத மற்றொரு வாதமும் உண்டு. இயந்திர உற்பத்தியைப் போற்றும் பில் போன்றோர், அவ்வுற்பத்தியில் தொழிலாளி தன் வேலையின் நிறைவை இழந்துவிடுவதைக் காண்பதில்லை என்பது அது. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரின் பக்கம் நின்று பேசும் இவ்வாதம் 1925ஆம் ஆண்டு மலரின் நேரடி வாரிசு. கட்சி மாறியதாகக் கூறப்படும் மனிதர் இவ்விடத்தில் மாறவே இல்லை.

இனி அவரது குற்றச்சாட்டை உரைத்துப் பார்ப்போம். வடிவத்துக்கும் கொடுங்கோன்மைக்கும் உள்ளார்ந்த உறவு உண்டெனில், வரலாறு அதனைக் காட்ட வேண்டும். வரலாறு காட்டுவதோ வேறு. நாஜிகள் தொடக்கத்தில் உயர்த்திப் பிடித்தது முறிந்த கோடுகளாலான பழைய ஜெர்மன் எழுத்தை, அதாவது ஃப்ராக்டூர் வகையை. அதுவே தங்கள் இனத்தின் எழுத்து என்றனர். பின்பு 1941 ஜனவரி 3ஆம் நாள் மார்ட்டின் போர்மன் ஒப்பமிட்ட சுற்றறிக்கை, அந்த எழுத்தே யூதர்களுடையது என்று கூறி அதனை விலக்கியது. கைப்பற்றிய நாடுகளின் மக்களுக்கு அவ்வெழுத்தைப் படிக்க இயலவில்லை என்ற நடைமுறைச் சிக்கலே பின்னணி என்பர். இதில் கசப்பான நகைச்சுவை யாதெனில், அச்சுற்றறிக்கை தட்டச்சு செய்யப்பட்ட தாளின் முகப்பு, தடைசெய்யப்பட்ட அதே எழுத்தில் அச்சாகியிருந்தது. ஓர் எழுத்தை எட்டாண்டுகள் இனத்தின் ஆன்மா என்று போற்றி, ஒரே நாளில் அந்நியனின் எழுத்து என்று தள்ளிவிட முடியுமெனில், அந்த அரசியல் எழுத்தின் உள்ளே இருந்ததன்று. மேலிருந்து பூசப்பட்டது.

நவீன வடிவமும் அவ்வாறே இருபுறமும் பணிபுரிந்தது. பௌஹவுஸின் ஆசிரியராயிருந்து, பேரெழுத்து சிற்றெழுத்து வேறுபாடற்ற ‘பொது எழுத்து’ ஒன்றை 1925இல் வரைந்த ஹெர்பர்ட் பேயர், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கையொட்டி நடந்த ‘ஜெர்மனி’ கண்காட்சிக்கு விளக்கக் கையேடு வடிவமைத்துக் கொடுத்தார். புரட்சியின் கலை என்று கருதப்பட்ட ஒளிப்பட ஒட்டுமுறை அங்கு ரைக்கின் பெருமை பேசிற்று. ஈராண்டுகளில் பேயர் அமெரிக்கா சென்றுவிட்டார். மறுபுறம், பௌஹவுஸின் மற்றொரு மாணவர் ஃபிரான்ஸ் ஏர்லிஷ். கம்யூனிஸ்டான அவர் பூகன்வால்ட் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது, முகாமின் இரும்பு வாயிற்கதவில் பொறிக்க வேண்டிய வாசகத்தை வடிவமைக்குமாறு ஏவப்பட்டார். ‘ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரியது’ என்பது அவ்வாசகம். வெளியிலிருந்து வருவோர்க்கன்றி உள்ளே நிற்கும் கைதிகளுக்கு நேராகத் தெரியும்படி அது அமைக்கப்பட்டது. ஏர்லிஷ் அவ்வெழுத்துகளைப் பௌஹவுஸின் சாயலில், செரிஃபற்ற மெல்லிய வடிவில் வரைந்தார். நாஜிகள் சீரழிந்த கலை என்று ஒழிக்கத் துணிந்த அதே எழுத்து அவர்களின் சொந்தக் கதவில் ஏறியது. அவர்களோ அதனைக் கவனிக்கவில்லை. வாசகம் கொடியவர்களுடையது, வடிவம் கைதியுடையது. இந்த ஒரு கதவை முன்னிறுத்தினாலே, செரிஃபற்ற எழுத்தை பாசிசத்தின் உறவினனாகக் காட்டும் வாதம் நிலைகுலைகின்றது.

அவ்வாறெனில் பில்தான் சரியா? அப்படியும் சொல்வதற்கில்லை. சிகோல்டின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அவர் உண்மையில் குறிவைத்தது கோடுகளையோ எழுத்தின் முனைகளையோ அன்று. ‘இது ஒன்றே’ என்னும் கூற்றை. அங்கு அவர் பிழைபடவில்லை. 1920களில் இக்கூற்று அச்சகங்களின் சுவர்களுக்குள் மட்டும் ஒலிக்கவில்லை. ‘புதிய எழுத்தமைப்பு’ வெளிவந்த அதே 1928இல், நவம்பர் முதல் நாள், துருக்கிக் குடியரசு அரபு எழுத்தை விலக்கி இலத்தீன் எழுத்தை ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1929 ஜனவரி முதல் துருக்கி மொழி நூல்களைப் பழைய எழுத்தில் அச்சிட முடியாமற் போயிற்று. சோவியத் ஒன்றியத்தின் முஸ்லிம் மக்களோ, 1926ஆம் ஆண்டின் பாகு மாநாட்டை அடுத்து இலத்தீனுக்கும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அங்கிருந்து சிரிலிக்குக்கும் மாற்றப்பட்டனர். ஒரு தலைமுறைக்குள் இருமுறை எழுத்தறிவற்றவர்களாக ஆவது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இவற்றின் காரணங்கள் வேறு, நோக்கங்கள் வேறு. அவற்றை சிகோல்டின் கணக்கில் எழுதுவது அநீதி. ஆயினும் புதிய காலத்திற்கு ஒரே ஓர் எழுத்துதான் உண்டு, எஞ்சியவை அனைத்தும் இறந்தவை என்னும் துணிபு அக்காலத்தின் காற்றிலேயே கலந்திருந்தது. மூனிக்கில் வரைகலை பயின்று நாடு திரும்பிய இஹாப் ஹுலூசி, புதிய துருக்கியின் எண்ணற்ற சுவரொட்டிகளை இலத்தீன் எழுத்தில் அழகுற ஆக்கினார். அதே இஸ்தான்புல்லில் எழுத்தணிக் கலைஞர் பலர் பிழைப்புக்கு வேறு தொழில் தேடினர்.

விதியும் பன்மையும் ஒன்றாக வாழ முடியாதா என்னும் வினா இங்கு எழுகின்றது. அரபு எழுத்தணிக்கலையின் வரலாறு அறிந்தோர்க்கு இதற்கு விடை கைவசம் உண்டு. அப்பாசிய அமைச்சர் இப்னு முக்லா பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துகளுக்கு வகுத்த விகிதமுறை, எந்த நவீன வடிவமைப்பாளரின் கட்டங்களுக்கும் கண்டிப்பில் குறைந்ததன்று. பேனா முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரம் அப்புள்ளிகளால் அளக்கப்படும். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து பிற எழுத்துகள் பிறக்கும். அரசியல் சூழ்ச்சியில் வலக்கை வெட்டப்பட்டு 940இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறை மறையவில்லை. ஆனால் அக்கடும் விதி ஒரே எழுத்தை விளைவிக்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. ‘ஆறு பேனாக்கள்’ என்று மரபு போற்றும் ஆறு எழுத்து வகைகள் நிலைபெற்றன. தலைப்புக்கும் சுவர்க் கல்வெட்டுக்கும் துலுத், நெடுநேரம் படிக்கும் நூலுக்கு நஸ்க், அரசாணைக்குத் தவ்கீ, கடிதத்திற்கு ரிகா. எழுதுபவன் முதலில் கேட்ட வினா ‘எது இக்காலத்தின் எழுத்து’ என்பதன்று. ‘இது எங்கே, யாரால் படிக்கப்படும்’ என்பது.

சிகோல்ட் இம்மரபை அறிந்து பேசினார் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் அவர் வந்தடைந்த இடம் இதுவே என்பது நம் துணிபு. சுவரில் எழுத்து நிற்கும்; மனிதன் நடந்துகொண்டிருப்பான். நூலில் எழுத்து நிற்கும், மனிதனும் அமர்ந்திருப்பான். நடப்பவனை நிறுத்தக் கண்ட உத்திகளை, ஏற்கெனவே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவன்மீது மணிக்கணக்கில் ஏவுவதில் என்ன நியாயம்? புதிய எழுத்தமைப்பின் உண்மையான பிழை அதன் வடிவத்தில் இல்லை. சுவரொட்டியின் நியாயத்தை அச்சேறும் அனைத்திற்கும் சட்டமாக்கியதில் இருக்கின்றது. சிகோல்ட் தம் தொழிலின் வழியே கண்டுகொண்ட இவ்வேறுபாட்டை, 1946இன் கொந்தளிப்பில், ஹிட்லரின் பெயரால் விளக்கியது துரதிருஷ்டம். அரசியல் பழி அவரது கைவினை அறிவை மறைத்துவிட்டது. இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது அப்பழிதான்.

கைவினை அறிவு எத்தகையது என்பதைக் காண 1947 முதல் 1949 வரை அவர் இங்கிலாந்தின் பெங்குயின் பதிப்பகத்தில் ஆற்றிய பணியை நோக்க வேண்டும். ஆலன் லேன் நடத்திய அந்நிறுவனம் எளியோரும் வாங்கத்தக்க விலையில் நல்ல நூல்களை அச்சிட்டு வந்தது. ஆனால் அச்சிட்ட அச்சகங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழக்கம். சிகோல்ட் முதலில் செய்தது நான்கே பக்கங்களில் எழுத்துக் கோப்பு விதிகளை வகுத்து எல்லா அச்சகங்களுக்கும் அனுப்பியது. சொற்களுக்கிடையே இடைவெளி எவ்வளவு, பத்தியின் தொடக்கத்தை எவ்வளவு உள்வாங்குவது, பேரெழுத்துகளை எப்படிப் பரப்புவது என்பன போன்ற சிறு செய்திகள். பேரெழுத்துகளின் இடைவெளியைக் கண்ணளவால் சமன்செய்யுமாறு கூறும் ரப்பர் முத்திரையொன்றையே செய்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் மெய்ப்புகளில் குத்தி அனுப்புவாராம். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் கையால் சீர்பெற்றன. பழைய புத்தகக் கடைகளில் அக்காலத்துப் பெங்குயின் நூல்கள் இன்றும் அகப்படும். 1946க்கு முந்திய ஒன்றையும் 1949இன் ஒன்றையும் அருகருகே விரித்துப் பார்ப்பவர்க்கு, விளக்கவுரை தேவைப்படாது. பின்னதில் வடிவமைப்பாளர் எங்கும் தென்படமாட்டார். வரிகள் சீராக ஓடும், கண் தடுக்காது. பத்தாண்டுகளுக்கு முந்திய பாசல் சுவரொட்டியில் நாம் கண்ட அதே அடக்கம், இங்கு மலிவு விலை நூலில், முகவரி தெரியாத வாசகனின் பொருட்டு.

ஆயினும் பிற்காலச் சிகோல்டை அப்படியே ஏற்பதும் நமக்கு இயலவில்லை. முதுமையில் அவர் எழுதிய நூற்கலைக் கட்டுரைகளைப் படிக்கையில், 1928இன் குரல் வேறு உடையில் திரும்பி வருவதைக் கேட்கிறோம். சதுர நூல்கள் கூடாது. கண்ணைக் கூசச் செய்யும் வெண்தாள் கூடாது. பத்தியை உள்வாங்காமல் தொடங்கக் கூடாது. செரிஃபற்ற எழுத்தில் நூல் கூடாது. பெரும்பாலானவற்றில் அவர் சொல்வது சரியே. ஆனால் ‘கூடாது’ என்ற சொல்லின்மீது அவருக்கிருந்த காதல் ஒருபோதும் தீரவில்லை. சகிப்பின்மையை அவர் கண்டித்த கட்டுரையே சகிப்பின்மையின் நடையில்தான் எழுதப்பட்டிருக்கின்றது. இயல்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை போலும்.

மாக்ஸ் பில்லின் தரப்பு வென்றது என்பதே வரலாறு. 1957இல், பின்னர் ‘ஹெல்வெட்டிகா’ என்று பெயர்பெற்ற எழுத்துரு சுவிட்சர்லாந்தில் பிறந்தது. யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் சூரிக் இசையரங்கிற்கு ஆக்கிய சுவரொட்டிகள், குறிப்பாக 1955இன் பேத்தோவன் ஒட்டி, கணித விகிதத்தைக் கொண்டு இசையையே கண்ணுக்குக் காட்டின. சுவிஸ் பாணி உலகப் பாணியாயிற்று. இங்கு சிகோல்டின் குற்றச்சாட்டுக்கு மற்றுமொரு மறுப்பும் இருக்கின்றது. பில்லை முதல் இயக்குநராகக் கொண்டு 1953இல் உல்ம் நகரில் தொடங்கிய வடிவமைப்புக் கல்லூரியை நிறுவியோருள் ஒருவர் இங்கே ஷோல். நாஜி ஆட்சிக்கெதிராகத் துண்டறிக்கைகள் பரப்பியதற்காக 1943இல் மூனிக்கில் தலை கொய்யப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஆகியோரின் உடன்பிறந்த சகோதரி அவர். அவ்விருவரின் நினைவைப் போற்றும் நோக்கத்திலேயே அக்கல்லூரி எழுந்தது. ஒழுங்கையும் கட்டத்தையும் செரிஃபற்ற எழுத்தையும் அது கற்பித்தது, கொடுங்கோன்மைக்கு எதிரான தெளிவின் பயிற்சியாக. இங்கே ஷோலின் கணவரும் கல்லூரியின் நிறுவனருள் ஒருவருமான ஓட்டல் ஐஷர், 1972இன் மூனிக் ஒலிம்பிக்கிற்கான வடிவங்களை வகுத்தபோது, 1936இன் பெர்லினை நினைவூட்டக் கூடாதென்று சிவப்பை ஒதுக்கி, வெளிர் நீலமும் பச்சையுமாக, அதே கட்டுக்கோப்பான முறையில் அவற்றை ஆக்கினார். இடையில் ஒன்றைச் சொல்லிவிடுவோம்: ஹான்ஸும் சோஃபியும் பரப்பிய அத்துண்டறிக்கைகளில் வடிவமைப்பென்று கூற எதுவுமில்லை. தட்டச்சில் அடித்து, கையால் சுழற்றும் பொறியில் பெருக்கிய நெருக்கமான வரிகள் அவை.

சிகோல்ட் 1974இல் லொக்கார்னோவில் காலமானார். அதற்கு ஏழாண்டுகள் முன்பு, 1967இல், இரு நிகழ்வுகள் ஒருங்கே நேர்ந்தன. ஒன்று, அவர் வரைந்த ‘சபோன்’ எழுத்துருவின் வெளியீடு. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்துகளைத் தழுவிய அது, கையால் கோத்தாலும், இருவேறு எழுத்துக் கோக்கும் இயந்திரங்களுள் எதில் கோத்தாலும் ஒரே தோற்றம் தரவேண்டும் என்று ஜெர்மானிய அச்சக உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பிறந்தது. மற்றொன்று, 1935இல் பாசலில் வெளிவந்த அவரது நூலின் ஆங்கில மொழியாக்கம். ‘சமச்சீரற்ற எழுத்தமைப்பு’ என்ற தலைப்பைத் தாங்கி அது வெளிவருவதை அவர் தடுக்கவில்லை.